கேஸ்ட்ரிக் பைபாஸ் முடிந்து ஓராண்டு ஆகிறது; இனி எப்போதாவது ஒரு கிளாஸ் ஒயின் அருந்தலாமா?

எடை குறைப்பதற்காகச் செய்துகொண்ட இந்த இரைப்பை அறுவைக்குப் பிறகு எடை நன்றாகக் குறைந்துவிட்டது, வாந்தி, வலி எதுவும் இல்லை, விசேஷங்களில் மட்டும் ஒரு கிளாஸ் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். அதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு, அதே கேள்வியை எனக்குள் கேட்டு, எவரிடமும் சொல்லாமல் நானே விடையும் சொல்லிக்கொண்டவன்.

எனக்கு அது பதினான்காவது மாதம். சக ஊழியர் ஒருவரின் பிரிவு உபசார விருந்தில் சிவப்பு ஒயின் கொடுத்தார்கள். முன்பெல்லாம் மூன்று கிளாஸ் அருந்திய பிறகும் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பேன் என்பதால், அரைக் கிளாஸை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது; காது மடல்கள் சூடேறின, கைப்பேசியில் வந்திருந்த ஒரே வரியை மூன்று முறை படித்தும் பொருள் மனத்தில் ஏறவில்லை, எழுந்தபோது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அருகில் இருந்த நண்பர், நான் வரும்போதே குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார்.

காரணம் எளிமையானது. இயல்பான இரைப்பை மதுவைச் சற்று நேரம் தேக்கி வைத்து, அதில் ஒரு சிறு பங்கைத் தன் நொதியால் சிதைத்து, மீதியைச் சிறிது சிறிதாகவே குடலுக்குள் விடும். பைபாஸில் நமக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பை; அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்பட்டிருப்பதால், விழுங்கிய மது தங்க இடமின்றிக் குடலுக்குள் பாய்ந்து, அங்கிருந்து உடனே ரத்தத்தில் கலக்கிறது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவையைச் செய்துகொண்டவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்பட்டவர்கள் அத்தனை உறுதியாக இருக்கக் கூடாது.

ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பைபாஸுக்கு முன்னும் பின்னும் அதே நோயாளிகளுக்கு ஒரே அளவு சிவப்பு ஒயின் கொடுத்து மூச்சை அளந்தார்கள். ரத்தத்தில் மதுவின் உச்ச அளவு அறுவைக்கு முன் 0.024 சதவீதமாக இருந்தது, ஆறு மாதங்களுக்குப் பின் 0.088 சதவீதமாக உயர்ந்திருந்தது. போதை முற்றிலும் தெளிய 49 நிமிடம் போதுமானதாக இருந்த இடத்தில் 88 நிமிடம் தேவைப்பட்டது. அன்று அரை மணி நேரத்தில் தலை தெளிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியதும், கார் சாவியைத் தேடியதும் இந்த எண்களைப் படித்த பிறகுதான் உறைத்தன. நல்லவேளையாக அந்த நண்பரே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

ஆனால் என்னை உண்மையில் அச்சுறுத்தியது மறுநாள் காலை வந்த எண்ணம்: இவ்வளவு குறைவாக அருந்தி இவ்வளவு விரைவாக அந்த மிதப்பு கிடைக்கிறதே! உணவில் ஆறுதல் தேடிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்ட பிறகு, இது திறந்து வைத்த இன்னொரு கதவு. அமெரிக்காவில் சுமார் 2,000 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வின்படி, கட்டுப்பாடற்ற மதுப்பழக்கம் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதத்தினரிடமும், முதலாண்டில் 7.3 சதவீதத்தினரிடமும், இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதத்தினரிடமும் இருந்தது. அதே குழுவினர் 2017-இல் வெளியிட்ட தொடர்ச்சியில், பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஐந்தாண்டுகளுக்குள் அத்தகைய அறிகுறிகள் தோன்றியிருந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நம்பத் தொடங்கும் காலத்தில்தான் இது தலைகாட்டுகிறது; நீங்கள் இப்போது நிற்பதும் அந்த வாசலில்தான்.

உடல் சார்ந்த கேடுகளில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். பைபாஸுக்குப் பின் சிலருக்கு ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும். கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உருவாக்குவதை மது தடுப்பதால், நிறைய சாப்பிட முடியாத நமக்கு அந்த இறக்கம் மோசமாகலாம், தடுமாற்றத்தைப் பார்ப்பவர்கள் வெறும் போதை என்று நினைத்து விட்டுவிடவும் கூடும். இரண்டாவது, தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவு. மதுவும் அதைக் குறைக்கும், தொடர் வாந்தியும் குறைக்கும். குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இணைப்பிடத்தில் புண், மதுவிலிருந்து சேரும் சத்தில்லாத கலோரி ஆகியவற்றைப் பற்றி உங்கள் மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை அறவே வேண்டாம் என்பதே பொதுவாக மருத்துவக் குழுக்கள் சொல்வது. அறுவைக்கு முன் வாரந்தோறும் அருந்தியவராகவோ புகைபிடிப்பவராகவோ இருந்தால், ஓராண்டுக்குப் பிறகும் வேண்டாம் என்றே சொல்வேன். அப்படி இல்லாத நிலையில், முதலில் உங்கள் குழுவிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவர்கள் அனுமதித்தால், சாப்பிட்ட பிறகு, உங்கள் அறுவை சிகிச்சையைப் பற்றி அறிந்த ஒருவர் உடனிருக்கும்போது, கார் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு அருந்துங்கள். நான் அந்த அரைக் கிளாஸோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் அதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை, தயமின் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை ஒன்றை எழுதித் தந்தார்.