பொருத்தனைக்காக மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் 4 ஏக்கரில் சம்பா போட்டிருந்தேன். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு ரூ.1,90,000 வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 1,00,000 நிற்கிறது. அறுவடை மெஷின், டிராக்டர் வாடகை 22,000 தர வேண்டும். மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணம் 35,000, ஜூனில். வீட்டுச் செலவு பால்மாட்டில் ஓடிவிடும். டீக்கடை, வெற்றிலை சீவல் என்று என் கைச்செலவு மாதம் 1,500. ஆலயக் கட்டடத்துக்கு 50,000 தருவதாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முடிவதற்குள் கொடுத்துவிட ஆசை. வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் 19,000 வேறு. மனைவியின் நகையை 12 சதவீத வட்டிக்கு வைத்தால் முடியும். அவளுக்கு மனமில்லை. தியாகம் இல்லாமல் விசுவாசம் ஏது என்கிறேன் நான். நடவு, களை ஆட்களுக்கு 8,000 பாக்கியும் உண்டு.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 8,000 ரூபாயைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். நாளைக்கே கொடுங்கள். வயலில் உழைத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்களின் பணம் உங்கள் பையில் இருக்கும்வரை, அதே பையிலிருந்து காணிக்கை எடுக்காதீர்கள்.

அடுத்தது சங்கத்துக் கடன். கெடு தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. தேதி தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், குறுவைக்குப் புதுக்கடன் கேட்கவும் முகம் இருக்காது. மெஷின்காரருக்கும் கொடுத்துவிட்டால் உங்கள் கையில் நிற்பது 60,000. உங்கள் வருமானம் இதுதான். இதில் தசமபாகம் 6,000. விளைச்சல் முழுவதிலும் பத்தில் ஒன்று எடுப்பவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடனாக வாங்கி உரமாகவும் விதையாகவும் வயலில் போட்ட பணம் சங்கத்தினுடையது. அதில் காணிக்கை கொடுக்க நமக்கு உரிமை ஏது?

இனி நகை. ரூ.50,000-க்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு வட்டி மட்டும் 6,000. சம்பாவில் நீங்கள் கர்த்தருக்கு எடுத்து வைக்கும் அதே தொகையை அடகுக்கடைக்கும் கொடுக்கப் போகிறீர்கள். மழை தப்பி ஒரு போகம் போனால் நகை ஏலத்துக்குப் போகும்.

பணக்கணக்கைவிட எனக்கு உறுத்துவது வேறு. 2 சாமுவேல் 24-இல் அர்வனா என்பவன் தன் போரடிக்கும் களத்தையும் மாடுகளையும் தாவீது ராஜாவுக்குச் சும்மாவே கொடுக்க முன்வருகிறான். தாவீது மறுத்து, 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் பலி செலுத்துகிறார். தனக்குச் செலவில்லாத பலியை அவர் விரும்பவில்லை. உங்கள் திட்டத்தில் செலவு யாருக்கு? கழுத்து வெறுமையாவது மனைவிக்கு. பணம் முடங்கினால் படிப்பு நிற்பது மகளுக்கு. மனமில்லாதவரின் பொருளை வாங்கிக் கொடுப்பதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களுடையது என்று முழு உரிமையோடு சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. டீக்கடைக்கும் வெற்றிலை சீவலுக்கும் போகும் அந்த 1,500. ஒரு நாளைக்கு 50 ரூபாய். லெந்தின் 40 நாளும் அதை நிறுத்தினால் ரூ.2,000 சேரும்; ஈஸ்டருக்கு அதையே முதல் தவணையாகக் கொடுங்கள். அப்படியே தொடர்ந்தால் 1,000 நாளில் 50,000 முடிந்துவிடும், ஒரு ரூபாய் வட்டி இல்லாமல். இது எளிதென்று நான் சொல்லவில்லை. வெற்றிலை போட்டுப் பழகிய வாய்க்கு முதல் பத்து நாள் பெரும் பாடு. ஆனால் அந்தப் பாடு உங்களுடையது. நம் சபைகளில் பெண்கள் பிடியரிசி எடுத்து வைப்பதும் இப்படித்தான்: உலையில் போடும் ஒவ்வொரு வேளையும் தன் வீட்டுப் பங்கிலிருந்து ஒரு பிடி.

கல்லூரிக் கட்டணத்தை இன்றே மகள் பெயரில் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மிஞ்சும் 19,000 குறுவை நெல் விற்கும்வரை கையிருப்பு. மாட்டுக்கு நோய் வந்தாலும் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டாலும் அதுதான் துணை.

பொருத்தனையைத் தவணையாகச் செலுத்தலாமா என்பதை உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் நேரில் கேளுங்கள். உங்கள் கடிதப்படி கெடு நீங்களே வைத்துக்கொண்டது, சபை வைத்தது இல்லை. போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். நகையைப் பற்றி மனைவியே பேசட்டும்.