ஒருவர் கேட்கிறார்: பினாங்கிலிருந்து சுமத்ராவின் தோபா ஏரிப் பக்கம் பைன் காட்டில் நாலு பேர் இரண்டு இரவு தங்கப் போகிறோம். குழாய், கழிப்பறை எதுவும் இல்லாத இடம். பினாங்கின் கெராச்சுட் கடற்கரையில் போட்ட அதே கூடார சாமான் போதுமா?

கூடாரம் போதும், மற்றது போதாது. குழாய், கழிப்பறை எதுவும் இல்லாத இடம், நாலு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளும் வருவார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தோபாவின் நீர்மட்டமே கடலிலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். பைன் நிற்கும் மேடுகள் அதற்கும் மேலே. 1,400 மீட்டரில் தங்கினால், 100 மீட்டருக்கு 0.6 பாகை கழித்துப் பாருங்கள்: ஜார்ஜ்டவுனில் 25 என்றால் அங்கே 16, 17. "கேமரன் மலை பார்க்காததா" என்பீர்கள். அங்கே கட்டிலில் படுத்தீர்கள். இங்கே குளிர் தரையிலிருந்து ஏறும். சாதா காற்று மெத்தை உதவாது, உள்ளிருக்கும் காற்றே சில்லிட்டுவிடும். ஆளுக்கொரு நுரைப்பாய், 1 செண்டிமீட்டர் கனமாவது வேண்டும். தூங்கும் பையின் சீட்டில் இரண்டு மூன்று வெப்ப அளவு போட்டிருப்பார்கள். மிகக் குறைந்தது உயிர் தப்பும் அளவு. மிகக் கூடியதுதான் தூக்கம் வரும் அளவு. அது 10 பாகை இருந்தால் சரி.

கூடாரத்தோடு வரும் குட்டை முளைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மணலில் அவை நிற்காது என்பது உடனே தெரிந்துவிடும். பைன் காட்டில்தான் ஏமாற்றும். உதிர்ந்த ஊசியிலைக்குள் அழுத்தாமலேயே இறங்கும், இறுகினாற்போலத் தெரியும். விரலால் இழுத்தால் ஊசிக்கொத்தோடு வெளியே வரும். முளை அடிக்கும் இடத்தில் மட்டும் ஊசியை விலக்கி, மண் தெரிந்தபின், 25 செண்டிமீட்டர் முளையின் தலையை வெளிப்பக்கம் சாய்த்து அடியுங்கள். அடியில் விரிக்கும் கேன்வஸ் நாலு பக்கமும் கூடாரத்துக்கு 5 செண்டிமீட்டர் உள்ளே இருக்கட்டும். நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை வாங்கி முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். போடுமுன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் வேறு இடம்.

சுமத்ரா பைனில் பிசின் எடுப்பார்கள். நம்ம தோட்டத்து ரப்பர் மரம் மாதிரியே பட்டையைச் சீவி, கீழே சிரட்டையோ டப்பாவோ வைத்திருக்கும். சீவிய இடத்தில் உறைந்த பிசின் சட்டென்று தீப்பிடிக்கும். அந்த மரத்தில் கயிறும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். கையில் ஒட்டினால் சோப்புக்கு மசியாது. சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு.

"விறகிலேயே சமைக்கலாமே" என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஐயா, பைன் விறகில் சட்டி கரியாகும், சுட்ட கோழி கசக்கும், தெறிக்கும் பொறி நைலானில் ஓட்டை போடும். ஊசிப்படுகைக்கு அடியில் நெருப்பு புகைந்துகொண்டே நகரும், மேலே தெரியாது. கேஸ் அடுப்புதான் சரி. ஆனால் கேஸ் டப்பாவை விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். மேடான் நகரில் இறங்கி வாங்குங்கள். 230 கிராம் டப்பா முழுத்தீயில் ஒன்றரை மணி நேரம் வரும், உங்களுக்கு மூன்று டப்பா வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும், சோறு வேகக் கூடுதல் நேரம் விடுங்கள். மழையே பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு 40 லிட்டர். அங்கே விற்கும் 19 லிட்டர் காலோன், அதாவது பெரிய தண்ணீர்ப் புட்டி, மூன்று வாங்கினால் கணக்கு முடிந்தது. கழிப்பறைக் குழி ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செண்டிமீட்டர் ஆழம். ஊசியைக் கணக்கில் சேர்க்காமல், மண்ணில் அவ்வளவு தோண்டவேண்டும்.

புளூடூத் ஸ்பீக்கர் கொண்டுபோகாதீர்கள். கிழவன் புலம்புகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை. நம்ம ஆட்களுக்குச் சத்தம் இல்லாவிட்டால் விசேஷம் இல்லை. கல்யாண விருந்துக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் "நல்லா இருக்கீங்களா" கேட்கக்கூட முடியவில்லை; டிஜே போடும் போடில் நெஞ்சு அதிர்கிறது. மொய்க்கவரில் காது டாக்டர் செலவைக் கழித்துக்கொண்டுதான் வைக்கவேண்டும் போல.

காலையில் கூடாரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் ஒழுகல் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நாலு பேர் மூச்சு அது. காற்றுவழியை இரவெல்லாம் திறந்து வைத்தால் குறையும். துடைத்துச் சுருட்டுங்கள். வீடு வந்த அன்றே அஞ்சடியில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், கொடி கட்டி விரித்துப் போடுங்கள், நம்ம ஊர் புழுக்கத்தில் ஒரு வாரம் பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.