கேள்வி பதில்: கண்ணைத் தேடி வரும் மணல்காரன்

கேள்வி: பல வருஷத்துக்கு முன்னால் நடுராத்திரியில் டிவியில் ஒரு பொம்மைப் படம் பார்த்தேன். சின்னப் பையன் ஒருவன் தனியாக மாடிக்குத் தூங்கப் போகிறான். பறவை மூக்கோடு ஒருத்தன் அவன் அறைக்குள் வருகிறான். வசனம் எதுவும் இல்லை. முடிவைப் பார்த்து உறைந்துபோனேன். பெயர் தெரியாததால் இன்றுவரை தேட முடியவில்லை. நண்பர்களிடம் கேட்டால் நான் கனவு கண்டிருப்பேன் என்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகர் ஒருவர்)

பதில்: கனவு இல்லை சார், அப்படி ஒரு படம் இருக்கிறது. பெயர் 'தி சாண்ட்மேன்', அதாவது மணல்காரன். 1991-ல் பால் பெர்ரி என்ற இங்கிலாந்துக்காரர் இயக்கியது, ஓடும் நேரம் சுமார் பத்து நிமிடம். குழந்தைகளுக்கான பொம்மைத் தொடர்களுக்குப் பேர்போன மான்செஸ்டர் காஸ்குரோவ் ஹால் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் பெர்ரி. காலின் பேட்டி, இயன் மெக்கினன் என்ற இரண்டு பொம்மைக் கலைஞர்களோடு சேர்ந்து இதை எடுத்தார். பகலெல்லாம் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் பொம்மைகளைச் செய்த கைகள்தான் இதையும் செய்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இந்தப் படத்தின் மேல் இன்னும் மதிப்பு கூடுகிறது.

உங்கள் நண்பர்களுக்குத் தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. 1993-ல் நடந்த ஆஸ்கர் விழாவில் அனிமேஷன் குறும்படப் பிரிவுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது, ஆனால் பரிசு ஜோன் கிராட்ஸின் 'மோனா லிசா டிசெண்டிங் எ ஸ்டேர்கேஸ்' படத்துக்குப் போனது. ஜெயித்த படத்தையே பத்து பேர் பார்த்திருந்தால் அதிகம், தோற்றதை யார் நினைவு வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? அப்புறம் பெர்ரி அமெரிக்கா போய், ஹென்றி செலிக் இயக்கிய 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்தில் பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கும் அனிமேட்டராக வேலை பார்த்தார். 2001-ல் மூளைக்கட்டியால் இறந்துவிட்டார். இன்னும் எத்தனையோ படம் எடுத்திருக்க வேண்டிய மனிதர், பத்து நிமிடப் படம் ஒன்றை விட்டுவிட்டுப் போனார் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முடிவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். பையன் படியேறுகிறான், எந்தச் சத்தத்துக்கும் பயப்படுகிறான், அறைக்குள் போய்ப் படுக்கிறான். கதை என்று பார்த்தால் முதல் பாதியில் இவ்வளவுதான் நடக்கிறது. சுவர், கதவு, படி எல்லாம் 1920-ல் வந்த ஜெர்மானிய மௌனப்படம் 'டாக்டர் காலிகரி'யில் வருவது போல ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். மணல்காரன் வருகிறான், பிறை நிலா மாதிரி வளைந்த முகத்தோடு, ஒரு பாதி நடையும் ஒரு பாதி நடனமுமாக. பையனின் கண்களைப் பறித்துக்கொண்டு நிலாவுக்குப் பறக்கிறான், அங்கே கூட்டில் அவன் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன. சரி, முடிந்தது என்று எழுந்தால், பெயர்கள் ஓடும்போது கண்ணில்லாத பையனை மறுபடி காட்டுகிறார்கள். அவன் தனியாக இல்லை, அவனைப் போலவே கண்ணில்லாத குழந்தைகள் கூட்டமாக இருக்கிறார்கள். எத்தனை நாளாக, எத்தனை வீட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது என்று அந்தச் சில நொடியில்தான் உறைக்கும்.

கேள்வி: இந்தப் படத்துக்கு ஏதோ பழைய ஜெர்மன் கதைதான் மூலம் என்று கேள்விப்பட்டேன். கதை எப்படி? முதலில் படிக்கலாமா, படத்தைப் பார்க்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: எழுதியவர் ஈ.டி.ஏ. ஹாஃப்மன், வெளிவந்தது 1816-ல். தொழிலில் நீதிபதி, இசையமைப்பாளரும்கூட. பெர்லினில் கோர்ட்டுக்குப் போய்வந்துகொண்டே இந்த மாதிரிக் கதைகளை எழுதிக் குவித்தவர்.

கதை நீளமானது, நிறைய திருப்பம் உள்ளது. நத்தானியேல் என்ற பையன் வீட்டுக்கு ராத்திரியில் யாரோ ஒருவர் வருவார், படிக்கட்டில் கனமான காலடிச் சத்தம் கேட்கும். உடனே அம்மா, "மணல்காரன் வருகிறான், போய்ப் படுங்கள்" என்று குழந்தைகளை அனுப்பிவிடுவாள். யார் அந்த மணல்காரன் என்று அவன் வீட்டிலுள்ள கிழவியைக் கேட்கிறான். அவள் சொல்கிறாள்: தூங்காத குழந்தைகளின் கண்ணில் அவன் மணலை வீசுவான், கண் இரண்டும் ரத்தத்தோடு வெளியே விழும், அதை மூட்டையில் கட்டி நிலாவுக்கு எடுத்துப்போய், வளைந்த அலகுள்ள தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பான். நம் ஊரில் பூச்சாண்டியைக் காட்டிச் சோறு ஊட்டுவது மாதிரிதான், ஆனால் இந்தக் கிழவி கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டாள். பையன் வளர்ந்து பெரியவனான பிறகும் அந்தப் பேச்சு அவனை விடுவதில்லை. மூக்குக்கண்ணாடி விற்கிறவன் ஒருவன் வருகிறான், ஒரு தூரநோக்கி கைக்கு வருகிறது, அது வழியாகப் பார்த்த ஒலிம்பியா என்ற பெண்ணின் மேல் பைத்தியமாகிறான், அவள் சாவி கொடுத்து இயங்கும் பொம்மை என்று தெரியவரும்போது நிஜமாகவே பைத்தியம் பிடிக்கிறது.

இதே கதையிலிருந்து வேறு ஆட்கள் வேறு துண்டை எடுத்திருக்கிறார்கள். 1870-ல் பாரிஸில் அரங்கேறிய 'கொப்பேலியா' பாலே, பொம்மைப் பெண்ணை எடுத்துக்கொண்டு நகைச்சுவையாக்கிவிட்டது. இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் ஓபராவிலும் (இசை நாடகம்) ஒலிம்பியா பாடுகிறாள். பெர்ரி அந்தப் பக்கமே போகவில்லை. காதல் இல்லை, பொம்மைப் பெண் இல்லை, கண்ணாடி விற்பவன் இல்லை. கிழவி சொன்ன அந்த நாலு வரி, அம்மா, படிக்கட்டு, அவ்வளவுதான். பயங்கரக் கதையைப் படமாக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கதை முழுவதையும் உள்ளே திணிக்கப் பார்த்துத்தான் கெடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கதையில் எந்த இடத்தில் பயம் பிறக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கேயே உட்கார்ந்து, மற்றதை விட்டுவிடும் தைரியம் வேண்டும். கதையில் அந்தக் கிழவி சொல்வது பொய், வீட்டு வேலைக்காரியின் கட்டுக்கதை. படத்தில் அது உண்மை. இந்த ஒரு மாற்றத்தில்தான் படமே இருக்கிறது.

அதனால் படத்தை முதலில் பாருங்கள், கதையை அப்புறம் படியுங்கள். கதை தெரிந்துகொண்டு பார்த்தால் ஒலிம்பியா எப்போது வருவாள் என்று காத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாட்டுக் கதைகளில் மணல்காரன் நல்லவன், கண்ணில் மணலைத் தூவி நல்ல தூக்கம் தருகிறவன். கிழக்கு ஜெர்மனி டிவியில் 1959-லிருந்து ராத்திரி தோறும் வந்த குட்டி மணல்காரனும் ஸ்டாப் மோஷன் பொம்மைதான், அதாவது துளித் துளியாக நகர்த்திப் படம் பிடித்த பொம்மை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பல தலைமுறைக் குழந்தைகள் தூங்கப் போயிருக்கிறார்கள். ஆள் ஒன்றுதான், எடுத்த முறையும் ஒன்றுதான், யார் கையில் மாட்டினான் என்பதில்தான் வித்தியாசம்.

கேள்வி: பொம்மையை நகர்த்தி நகர்த்தி எடுக்கிற படத்தில் என்ன பயம் இருக்கிறது? கம்ப்யூட்டரில் இதைவிட நன்றாகச் செய்ய முடியாதா? (சேலம் வாசகர்)

பதில்: நன்றாகச் செய்யலாம், ஆனால் இது வராது. உள்ளே உலோக எலும்புக்கூடு, மூட்டுகள், மேலே ரப்பர் தோல், துணி, பெயின்ட் என்று ஒரு பொம்மை நிஜமாகவே மேஜை மேல் நிற்கிறது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். பத்து நிமிடத்துக்கு 14,400 ஃபிரேம். ஒரு நிலைக்கு இரண்டு ஃபிரேம் என்று எடுத்தால்கூட 7,200 தடவை பொம்மையைத் தொட்டு, துளி நகர்த்தி, கையை எடுத்து, படம் பிடிக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது அசைவில் ஒரு சின்ன வெட்டு எப்போதும் இருக்கும். மனிதன் நடப்பது மாதிரியும் இருக்கும், மனிதன் இல்லை என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும். மணல்காரன் ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் நமக்கு முதுகு சில்லிடுவது இதனால்தான்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். பொம்மை பொய், ஆனால் அதன் மேல் விழுவது நிஜ விளக்கு, பின்னால் சுவரில் விழுவது நிஜ நிழல். நம் கண்ணுக்கு அது தெரியும். ஹாஃப்மன் கதையே பொம்மையை உயிருள்ள பெண் என்று நம்பியவனைப் பற்றியது என்பதால், இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. கார்ட்டூன் என்றால் உயிர். இதைக் காட்டலாமா? (கோவை வாசகி)

பதில்: வேண்டாம்மா. படுக்கப் போகிற சின்னப் பையனுக்கு நடப்பதுதான் படமே. பதினாலு, பதினைந்து வயதுக்கு மேல், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: பொம்மை இல்லாமல், வரைந்து எடுத்த கார்ட்டூனில் இப்படிப் பயமுறுத்தும் கதை எதுவும் வந்திருக்கிறதா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: வந்திருக்கிறது, இதற்குக் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் முன்னாலேயே. 1953-ல் அமெரிக்காவின் யூபிஏ ஸ்டுடியோ எடுத்த 'தி டெல்-டேல் ஹார்ட்'. எட்கர் ஆலன் போ 1843-ல் எழுதிய சிறுகதை. ஒரு கிழவரோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவனுக்கு அவருடைய வெளிறிய கண்ணைக் கண்டால் ஆகவில்லை. கண்ணுக்காகவே அவரைக் கொன்று பலகைத் தரைக்கு அடியில் மறைக்கிறான், போலீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது தரைக்கு அடியிலிருந்து இதயம் துடிக்கும் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்கிறது. பஞ்சில் சுற்றிய கடிகாரம் போல ஒரு சத்தம் என்று போ எழுதியிருப்பார். அந்த ஒரு வரிக்காகவே கதையை முதலில் படித்துவிட வேண்டும். சின்னக் கதை, படம் ஓடும் நேரத்துக்குள் படித்து முடித்துவிடலாம்.

டிஸ்னியில் 1941-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, அப்போது வெளியே வந்த ஓவியர்கள் பலர் சேர்ந்த இடம்தான் யூபிஏ. டிஸ்னி மாதிரி ஒவ்வொரு முடியையும் அசைத்துக் காட்டாமல், நவீன ஓவியம் போல வரைந்து, குறைவாக அசைத்து, கேமராவை அதிகமாக நகர்த்துவது அவர்கள் பாணி. இந்தக் கதைக்கு அது அப்படியே பொருந்திவிட்டது. இயக்கியவர் டெட் பார்மலி. கொலைகாரனின் குரலாக ஜேம்ஸ் மேசன், அதே வருஷம்தான் 'ஜூலியஸ் சீஸர்' படத்தில் புரூட்டஸாக நடித்திருந்தார். கொலைகாரனை நமக்கு முழுதாகக் காட்டுவதில்லை. நிழல் தெரியும், மற்றபடி அவன் கண் வழியாகத்தான் நாமும் அந்த வீட்டைப் பார்க்கிறோம். தரையும் சுவரும் கோணிக்கொண்டு போவது வீடு அப்படி இருப்பதால் இல்லை, பார்க்கிறவன் புத்தி அப்படி இருப்பதால். நிஜ நடிகர்களை வைத்து எடுத்தால் இதைச் செய்வது ரொம்பக் கஷ்டம், பைத்தியக்காரனை நாம் வெளியிலிருந்து பார்ப்பது போலாகிவிடும்.

அந்தப் பின்னணிகளை வரைந்தவர் பால் ஜூலியன். ரோட் ரன்னர் கார்ட்டூனில் 'பீப் பீப்' என்று ஒரு குரல் வருமே, அதுவும் இவர் குரல்தான்! நம் எல்லோரையும் சிரிக்க வைத்த அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் இவ்வளவு இருட்டை வரைந்தார் என்று தெரிந்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பிரிட்டனில் தணிக்கைக்காரர்கள் இதற்கு 'எக்ஸ்' சான்றிதழ் கொடுத்தார்கள், அதாவது அப்போதைய விதிப்படி பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு கார்ட்டூனுக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது அதுதான் முதல் தடவை. இதுவும் ஆஸ்கருக்குப் போய் டிஸ்னி படத்திடம் தோற்றது. 2001-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

கேள்வி: இந்த மாதிரிப் படங்களை நீங்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்? எங்களுக்கும் வழி சொல்லுங்களேன். (புதுச்சேரி வாசகர்)

பதில்: மேலே சொன்ன இரண்டு படமும் தோற்ற படங்கள், கவனித்தீர்களா? ஆஸ்கர் அனிமேஷன் குறும்படப் பிரிவின் பழைய பட்டியல்களை எடுத்து, ஜெயித்ததை விட்டுவிட்டு மற்றப் பெயர்களைத் தேடுங்கள். 'தி சாண்ட்மேன்' இருந்த அதே 1993 பட்டியலில் பாரி பர்வ்ஸின் 'ஸ்கிரீன் பிளே' என்ற இன்னொரு பொம்மைப் படம் இருக்கிறது, அதுவும் அருமை. தேடும்போது படத்தின் பெயரோடு இயக்குநர் பெயரையும் வருஷத்தையும் சேர்த்துப் போடுங்கள், வெறும் 'சாண்ட்மேன்' என்று போட்டால் காமிக்ஸும் பாட்டும்தான் வந்து விழும். செக் நாட்டு இயக்குநர் யான் ஷ்வாங்க்மாயரையும் தேடிப் பாருங்கள். போவின் 'ஹவுஸ் ஆஃப் அஷர்' கதையை 1980-ல் மனிதர் ஒருவரைக்கூடக் காட்டாமல் எடுத்திருக்கிறார், நாற்காலியும் சவப்பெட்டியும் களிமண்ணும் மட்டுமே நடிக்கின்றன.

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் பழைய குறும்படங்கள் பலவற்றைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அதன் தயாரிப்புகளில் கேரலைன் லீஃப் 1977-ல் எடுத்த 'தி மெட்டமார்ஃபசிஸ் ஆஃப் மிஸ்டர் சம்சா'விலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு நாள் காலையில் பூச்சியாக எழுந்திருக்கும் எழுத்தாளர் காஃப்காவின் கதைநாயகன் கிரெகரைப் பற்றியது. அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடியில் மணலைப் பரப்பி, விரலால் உருவம் செய்து, ஒரு ஃபிரேம் எடுத்துவிட்டு, அதையே கலைத்து அடுத்த ஃபிரேம் செய்திருக்கிறார் அந்த அம்மா. சப்டைட்டில் தேவையே இல்லை. செல்போனில் பார்க்காதீர்கள், பெரிய திரையில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், மணல் துகள் தெரிய வேண்டும்.