கிராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறுவது வீண் செலவா?

வீண் செலவு இல்லை. (படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பெரியதாக இருந்தால் ஃபுல் ஃபிரேம், அதைவிடச் சின்னதாக இருந்தால் கிராப்.) "கேமராவில் என்ன இருக்கு, எடுக்கிறவன் கண்ணில்தான் எல்லாம்" என்று உங்களிடமும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் சொன்னார்கள். அவர்களில் யாரும் ராத்திரி இரண்டு மணிக்குத் தெருக்கூத்து எடுத்தவர்கள் இல்லை.

நான் எடுப்பது கூத்துதான். திருவண்ணாமலை, செய்யாறு பக்கம் பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வெளிச்சம் என்றால் ஓரிரண்டு ஃபோகஸ் லைட், சில டியூப் லைட், அவ்வளவுதான். துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சுற்றி ஆடும்போது ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்கினால் முகம் இழுபட்டுவிடும். ஃபிளாஷ் நான் அடிப்பதில்லை. ஆடுபவருக்குக் கண் கூசும், அரிதாரத்தின் நிறமும் வெளுத்துவிடும். மிச்சம் இருக்கும் ஒரே வழி ஐஎஸ்ஓவை, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் வெளிச்சமாக வர கேமராவில் வைக்கும் அளவை, ஏற்றுவது. என் பழைய கிராப் கேமரா நிகான் டி7200-ல் 6400 வைத்தால் சிவப்பு அரிதாரம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ். அதைக் குறைக்கப் போனால் கன்னத்தில் எழுதிய கோடுகளும் சேர்ந்து அழியும். செகண்ட் ஹேண்டில் நிகானின் ஃபுல் ஃபிரேம் கேமரா டி750 வாங்கிய பிறகு, அதே 6400-ல் அந்தக் கோடுகள் நின்றன. அந்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

காரணம் எளிது. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ., நிகான் கிராப் சென்சார் 23.5×15.6 மி.மீ. பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதே காட்சியை அதே எஃப் எண்ணில் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு), அதே ஷட்டரில் எடுத்தால் அந்த அளவுக்குக் கூடுதல் வெளிச்சம் விழும். கணக்குப் பார்த்தால் ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. "இதற்கா இவ்வளவு காசு?" என்பவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்கு அது 1/125-க்கும் 1/250-க்கும் உள்ள வித்தியாசம். மென்பொருளில் நாய்ஸை எடுத்துவிடலாமே என்பார்கள். எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். ஆனால் பதிவாகாத கோடுகளை அது ஊகித்துத்தான் வரையும். முகத்தில் எழுதுவது வேஷத்துக்கு வேஷம் மாறும் என்பது அதற்குத் தெரியாது.

ஆனால் லென்ஸை மறந்துவிட்டுப் பாடிக்கே எல்லாக் காசையும் கொட்டாதீர்கள். உங்களிடம் கிராப் கேமராவுக்கென்றே செய்த 18-140 மாதிரி கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்துத் தருவது) இருந்தால், அதை டி750-ல் மாட்டியதும் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் கிராப்புக்குப் போய்விடும்; 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகும். கேனானில் இன்னும் மோசம், கிராப் கேமராவுக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் அவர்களுடைய ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. நான் கையில் இருந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோடு 85 எஃப்/1.8 மட்டும் வாங்கினேன். கூத்துக்கு அது போதும்.

பறவைதான் எடுப்பீர்கள் என்றால் மாறவே வேண்டாம். வேடந்தாங்கலில் 300 மி.மீ. லென்ஸை 450 போலக் காட்டுவது உங்கள் கிராப் கேமராதான்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்படி ராத்திரி முழுக்க விழித்து எடுத்த படத்தை ஒரு விழாக் குழு கேட்காமல் எடுத்துப் பெரிய பேனராக அடித்தது. என் பெயர் இல்லாதது கூடப் பரவாயில்லை, படத்தில் ஆடுகிறவரின் பெயரும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வேஷம் கட்டுகிற மனிதர் அவர். கேட்டால் "விளம்பரம்தானே கிடைச்சிருக்கு" என்றார்கள். யாருக்கு விளம்பரம்? இப்போதெல்லாம் ஆடியவர் பெயரைப் படத்திலேயே எழுதித்தான் அனுப்புகிறேன்.

சரி, உங்கள் விஷயம். டி750 வந்தது 2014-ல், அதன் ஷட்டருக்கு நிகான் சொல்லும் அளவு 1,50,000 படங்கள். பழையதாக வாங்கினால் ஷட்டர் கவுண்ட்டை, அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் இடத்திலேயே எடுத்துப் பாருங்கள். கடைக்குள் இருக்கிற வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும்.