டி செல் எப்போது வளரும், எப்போது சாகும்? மண்டபத்து நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் பதில்கள்

மண்டபம், பி.எஸ்சி. மாணவி: அக்கா, கிருமியே வராத நாளில் டி செல் எப்படி உயிரோடிருக்கிறது?

டி செல் என்பது கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணு. அதற்கு ஐஎல்-7 என்ற புரதம் கிடைத்துக்கொண்டே இருக்கணும். அதைப் பிடிக்கும் ஏற்பியின் மரபணுவை இயக்குவது ஃபாக்ஸோ1. இப்படி மரபணுவை இயக்கும், அடக்கும் புரதங்களைத்தான் படியெடுத்தல் காரணிகள் என்கிறோம். ஐஎல்-7 ஒட்டியதும் ஸ்டாட்5 என்ற இன்னொரு காரணி உட்கருவுக்குள் போகும், சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதம் கூடும். கிருமியின் துண்டைக் கண்டுவிட்டால் கதையே வேறு. ஃபாக்ஸோ1 உட்கருவை விட்டு வெளியேறும், வளர்ச்சியைத் தூண்டும் மிக் என்ற காரணி ஏறும். குளுக்கோசும் அமினோ அமிலமும் உள்ளே பாயும், செல் பருக்கும், ஒரு நாள் போல ஆனதும் பிளக்கத் தொடங்கும். கிருமி ஒழிந்ததும் பெரும்பாலானவை செத்துவிடும். டிசிஎஃப்-1 என்ற காரணி குறையாமல் இருக்கும் சிலதிலிருந்துதான் நினைவுச் செல்கள் வரும்.

ஏர்வாடி: மாற்றுச் சிறுநீரகம் வைத்த அண்ணனுக்கு டாக்ரோலிமஸ் எதற்கு?

என்ஃபாட் என்ற படியெடுத்தல் காரணியிலிருந்து கால்சிநியூரின் என்ற நொதி பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் அது உட்கருவுக்குள் போகும். டாக்ரோலிமஸ் மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. டி செல்லைப் பெருகவைக்கும் ஐஎல்-2 புரதம் உண்டாவது குறையும், டி செல் பெருகாது. அளவு பற்றி அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். எதிர்ப்பு சக்தி ஏற்றும் என்று விற்பதை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கீழக்கரை: நோன்பு திறக்கக் கடல்பாசி செய்கிறோம். எதிர்ப்பு சக்தி ஏறுமா?

ருசிக்குச் சாப்பிடுங்கள், காக்கா.

பாம்பன், பாசி எடுப்பவர்: எங்கள் பாசியை இப்படி இளக்காரமாகப் பேசலாமா?

இளக்காரம் இல்லை, அக்கா. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். அகர் இல்லாவிட்டால் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டே கிடையாது. என் சண்டை ‘ஏற்றணும்’ என்ற பேச்சோடுதான்.

அதே பாம்பன்: ஏறினால் நல்லதுதானே?

ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளைப் பாருங்கள். மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் டி செல்கள் அவர்களுக்கு வேலை செய்யாது. குடல், தோல், இன்சுலின் சுரக்கும் செல் என்று சொந்த உடம்பையே தாக்கும். பலருக்குப் பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கிவிடும். இந்த மரபணுவைக் கண்டுபிடித்த பிரன்கோ, ராம்ஸ்டெல், அடக்கும் செல்களை அடையாளம் காட்டிய சகாகுச்சி, மூவருக்கும்தான் 2025 நோபல்.

ராமேஸ்வரம்: சத்து பவுடர்?

மேலே படியுங்கள்.

தேவிபட்டினம்: கடல் அட்டை சூப்?

2001 முதல் பிடிக்கவே தடை. வனத்துறை பதில் சொல்லும்.

தொண்டி: அப்போ மிக்கை மட்டும் ஏற்ற மாத்திரை உண்டா, சார்?

முதலில், நான் சார் இல்லை. பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோயில் பி செல் என்ற மற்றொரு வகை வெள்ளை அணுவின் மிக் அடங்காமல் ஓடுகிறது. அதை அடக்கத்தான் மருந்து தேடுகிறார்கள், தம்பி.