அம்மா எழுந்துவிட்டார் என்று யார் சொல்லித் தெரிகிறது?

கேள்வி: எனக்கு 43 வயது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து அம்மா நாள் முழுக்க ஒரு மதச் சேனலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையில் ஓடும் எண்ணுக்குத் தினமும் போன் செய்து பிரார்த்திக்கச் சொல்கிறார். காணிக்கை என்று பணம் அனுப்புகிறார். குணமாகிவிடும் என்று அதில் சொன்னதை நம்பி மூட்டுவலி மாத்திரையையும் குறைத்துவிட்டார். காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. மாடியில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா எழுந்துவிட்டார் என்பதே தெரிகிறது. போதாக்குறைக்கு வாசலில் துண்டுப் பிரசுரம், போனில் விளம்பரம். வயதானவர்களுக்கு எதையும் பகுத்துப் பார்க்கத் தெரியாது. அவர்களைக் குறிவைக்கும் இந்த மத விளம்பரங்களையும் பிரசாரங்களையும் அரசு சட்டம் போட்டுத் தடுக்கக் கூடாதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் அரசைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கண் வேறொரு வரியில் நின்றுவிட்டது. "அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா எழுந்துவிட்டார் என்பதே தெரிகிறது." போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஒரே வீடு. நடுவில் ஒரு மாடிப்படி. பெற்ற தாய் எழுந்தாரா என்பதை யாரோ ஒருவருடைய குரல்தான் உங்களுக்குச் சொல்கிறது. அந்தக் குரலை நிறுத்தச் சொல்லித்தான் அரசைக் கூப்பிடுகிறீர்கள். நிறுத்திவிட்டால், அப்புறம் எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்?

இதே கடிதம் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. மதம் மாறும், சேனல் மாறும், மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கும். நீங்கள் எந்த மதம் என்று எழுதவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. அம்மாவை ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்து எழுதும் பிள்ளைகளில், நேற்று அம்மாவோடு என்ன பேசினேன் என்று ஒரு வரி எழுதியவர்கள் மிகக் குறைவு. நீங்களும் எழுதவில்லை.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒருவர் தன் மதத்தைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதை அரசு தடுக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1948-ல் ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 18-வது பிரிவு, மதத்தைப் பின்பற்றும் உரிமையோடு அதை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. பிறர் பேசுவதைக் காதால் கேட்கவே வழியில்லை என்றால், மாற்றிக்கொள்ளும் உரிமை யாருக்குப் பயன்படும்?

கிரேக்க நாட்டில் மினோஸ் கொக்கினாக்கிஸ் என்று ஒருவர், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மதம் மாற்ற முயன்றதாக அறுபது தடவைக்கு மேல் கைதானவர். 1986-ல் அவரும் மனைவியும் ஒரு வீட்டுக்குப் போய் அங்கிருந்த பெண்மணியிடம் கொஞ்ச நேரம் பேசினார்கள். அந்த அம்மாவின் கணவர் உள்ளூர் தேவாலயத்தில் பாடகர். அவர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். அந்த நாட்டுச் சட்டத்தில் இருந்த வாசகத்தைக் கவனியுங்கள்: எதிராளியின் அனுபவமின்மையை, அறிவுக் குறைவை, வெகுளித்தனத்தைப் பயன்படுத்திக்கொள்வது குற்றம். அந்தப் பெண்மணியோ, அவர்கள் பேசியதால் என் நம்பிக்கை ஒன்றும் மாறிவிடவில்லை என்றுதான் சாட்சி சொன்னார். அப்படியும் கொக்கினாக்கிசுக்குத் தண்டனை விழுந்தது. 1993-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் அவர் பக்கம் நின்றது.

"எதையும் பகுத்துப் பார்க்கத் தெரியாது" என்று நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதும் அந்தச் சட்டத்தின் வாசகமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. உங்களை வளர்த்து ஆளாக்கியபோது அவருக்குப் பகுத்துப் பார்க்கத் தெரிந்திருந்ததே. துக்கத்தில் இருக்கிறவரை விவரம் தெரியாதவர் என்று சொல்வது தவறு, அதுவும் பிள்ளை சொல்வது பெரிய தவறு.

அதற்காக எதற்குமே கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதே 1993 தீர்ப்பு ஒரு கோட்டையும் போட்டது. பொருளையோ சலுகையையோ காட்டி ஆள் சேர்ப்பதும், துன்பத்தில் இருப்பவர்களை நெருக்குவதும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். 1998-ல் இன்னொரு கிரேக்க வழக்கு. விமானப்படை அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்த வீரர்களிடம் மதம் பேசியிருந்தார்கள். அதற்குக் கிடைத்த தண்டனையில் தப்பில்லை என்றது அதே நீதிமன்றம். மேலதிகாரி பேசும்போது கீழே இருப்பவர் பாதியில் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாத இடத்தில் அரசு வரட்டும். உங்கள் அம்மா கையில் ரிமோட் இருக்கிறது.

எது மதம், எது மதமில்லை என்று ஓர் அதிகாரி முடிவு செய்வதையும் என்னால் ஏற்க முடியாது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மதத்துக்காகப் பணம் திரட்ட அப்படி ஓர் அதிகாரியின் சான்று வேண்டியிருந்தது. 1940-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளியது. அந்தப் பேனாவை ஒருமுறை கொடுத்துவிட்டால், அது நாளைக்கு யார் வீட்டு வழிபாட்டின் மேல் கோடு போடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விளம்பரம் கொஞ்சம் வேறு விஷயம். அங்கே காசு உள்ளவரின் குரல்தான் உரக்கக் கேட்கும். அயர்லாந்தில் வானொலியிலும் டிவியிலும் மத விளம்பரத்துக்குத் தடை இருந்தது. 1995-ல் ஒரு போதகரின் வானொலி விளம்பரம் அப்படித்தான் நிறுத்தப்பட்டது. வேறு வழிகளில் அவர் பேசலாம் என்பதால் அதில் உரிமை மீறல் இல்லை என்று 2003-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. எல்லா மதத்துக்கும் ஒரே அளவுகோல் என்றால் எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

மாத்திரை விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. நோய் குணமாகும் என்று சொல்லிப் பணம் வாங்கினால் அது மோசடி. யார் எந்தக் கடவுளின் பெயரால் சொன்னாலும் மோசடிதான். ஒளிபரப்பான தேதி, நேரம், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் குறித்துவைத்துப் புகார் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், இந்த வாரமே. ஏன் குறைத்தீர்கள் என்று ஒருதரமாவது கேட்டீர்களா? சேனல் சொன்னதால்தானா, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, தினமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த உங்கள் அப்பா இல்லாமல் போனதாலா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

மாத்திரை வாங்கிப் போட்டாகிவிட்டது, கரண்ட் பில் கட்டியாகிவிட்டது, அதோடு கடமை முடிந்தது என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். துணையை இழந்தவருக்குத் தன் பேச்சைக் கேட்க ஒரு காது வேண்டும். அது முதலில் பிள்ளையின் காதாக இருக்க வேண்டும். அந்த எண்ணில் போனை எடுக்கிறவர் "எப்படி இருக்கீங்கம்மா" என்று தினமும் கேட்கிறாராயிருக்கும். காணிக்கை அதற்காகத்தான் போகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த அரசாலும் உங்களைப் படியிறங்க வைக்க முடியாது.

நாளைக் காலை சத்தம் கேட்டதும் கீழே போங்கள். டிவியை அணைக்காதீர்கள், வாதம் செய்யாதீர்கள். நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும், தினமும் போன் செய்து எதற்காகப் பிரார்த்திக்கச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டு வருடமாக முன்பின் தெரியாத ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.