சிக்னல் அறுந்ததும் வாய் மூடிக்கொள்ளும் கேமராக்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

வயர்லெஸ் கேமரா, அலாரம் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கும் வீட்டுக்கு வைஃபை கேமரா ஒன்றும், கேமரா பொருத்திய அழைப்பு மணி ஒன்றும் வாங்கி மாட்டினேன். அவர்கள் திருப்பதி போயிருந்த இரவில் பீரோவை உடைத்து அம்மாவின் வளையல்களை எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு கருவிகளிலும் அந்த நேரத்துப் பதிவு மட்டும் இல்லை. "திருடர்கள் சிக்னல் ஜாமர் பயன்படுத்தியிருக்கலாம், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்கிறது கம்பெனி. அப்படி ஒன்று உண்டா? (ஒரு மகள், ராயபுரம்)

பதில்: உண்டு. உங்கள் அம்மாவிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள்: இதில் அவர் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை.

வைஃபை கேமரா தன் படத்தை ரேடியோ அலையில் ரவுட்டருக்கு அனுப்புகிறது. குறைந்த விலைக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குபவை. அதே அலைவரிசையில் அதைவிட வலுவான இரைச்சலை ஒருவன் பரப்பினால், ரவுட்டருக்குக் கேமராவின் சிக்னல் எட்டாது. அந்த இரைச்சலைப் பரப்பும் கருவிதான் ஜாமர். இன்னொரு வழியும் இருக்கிறது. ரவுட்டரே சொல்வதுபோல, "இணைப்பைத் துண்டித்துக்கொள்" என்று பொய்க் கட்டளை அனுப்பலாம். பழைய வைஃபை முறையில் அந்தக் கட்டளை யாரிடமிருந்து வந்தது என்று சரிபார்க்கும் ஏற்பாடு கிடையாது. கேமரா அப்படியே நம்பிவிடும். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு முறை பொய்க் கட்டளையைத் தடுக்கும். இரைச்சலை அதுவும் தடுக்காது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் எடைனா நகரில் அடுத்தடுத்து நடந்த வீட்டுத் திருட்டுகளில் வைஃபை ஜாமர் பயன்பட்டிருக்கலாம் என்று 2024-ல் அந்த ஊர்ப் போலீசாரே சந்தேகம் தெரிவித்தார்கள்.

ஆனால், கம்பெனி சொல்கிறது என்பதற்காக ஜாமர்தான் என்று முடிவுகட்டாதீர்கள். வாசலில் ஃபியூஸைப் பிடுங்கினாலும், மாடியிலிருந்து தொங்கும் ஃபைபர் கேபிளைக் கத்தரித்தாலும் பதிவில் இதே இடைவெளிதான் விழும். திருடனுக்கு அவை எளிது. எனவே அந்த இரவு உங்கள் இணைப்பு எப்போது அறுந்தது, எப்போது திரும்பியது என்று பிராட்பேண்ட் நிறுவனத்திடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். அவர்கள் பக்கம் இணைப்பு அறுபடாமல் இருந்து, கேமராக்கள் மட்டும் ஊமையாகியிருந்தால் ரேடியோ இடையூறு என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. கேமராவில் மெமரி கார்டு போட்டிருந்தீர்களா? வைஃபை மட்டும்தான் போயிருந்தது என்றால் கார்டில் படம் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். கார்டை ஃபார்மேட் செய்யாமல் கழற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்குங்கள். காவல் துறையின் "மூன்றாவது கண்" திட்டத்தில் தெருவில் வைத்த கேமராக்களின் பதிவை எடுக்கச் சொல்லிப் புகாரிலேயே எழுதுங்கள்; நாளானால் பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும்.

இனி கம்பெனிக்கு வருவோம். ஜாமர் முன்னால் தன் கருவி ஊமையாகிவிடும் என்று உங்களுக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதைப் பெட்டியின் மேல் அச்சிடத் தெரியவில்லையா? முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்து விளம்பரம் செய்வது தவறான விளம்பரம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். போதிய எச்சரிக்கை தராமல் விற்பதற்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க அதில் இடமிருக்கிறது. பெட்டி, பில், அவர்கள் அனுப்பிய பதில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அசையவில்லையா, வட சென்னைக்கு என்றே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். வளையல்களின் மதிப்பை வாங்குவது கடினம். கேமராக்களின் விலையையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. விடாதீர்கள்.

கேள்வி: எதிர் வீட்டுக்காரர் மாட்டிய கேமரா எங்கள் வாசலையே பார்க்கிறது. ஆன்லைனில் ஒரு சின்ன ஜாமர் பார்த்தேன். வாங்கலாமா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: வாங்காதீர்கள். அரசு அனுமதி இல்லாமல் ஜாமர் பயன்படுத்துவது சட்டவிரோதம், தனியார் அதை வாங்கவே முடியாது, ஆன்லைனில் விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஜாமரின் அலை எதிர் வீட்டுக் கேமராவோடு நிற்காது. உங்கள் தெருவில் மூச்சுத் திணறும் ஒருவருக்காக 108-ஐ அழைப்பவரின் போனையும் சேர்த்து அடைத்துவிடலாம். எதிர் வீட்டுக்காரரிடம் நேரில் பேசிக் கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள். மறுத்தால் புகைப்படத்தோடு காவல் நிலையம் போங்கள்.

கேள்வி: வீட்டுக்கு 5 மெகாபிக்சல் கேமரா போதுமா, 8 மெகாபிக்சல் வாங்க வேண்டுமா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

பதில்: ஐயா, 5 போதும். ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கடைக்குப் போகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், கடைக்காரரும் இதற்கு மட்டும் பதில் வைத்திருக்கிறார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமரா பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் மெகாபிக்சல், இரவிலும் வண்ணப்படம், போனிலேயே பார்க்கலாம் என்று இருக்கும். இணைப்பு அறுந்தால் இந்தக் கருவி என்ன செய்யும் என்பதற்கு நான்கு பக்கமும் திருப்பினாலும் ஒரு வரி கிடைக்காது. காவலுக்கு வைக்கும் பொருளில் மற்ற எதையும்விட முக்கியமானது அதுதான். எத்தனை மெகாபிக்சல் என்றாலும், வந்து சேராத படத்தில் யார் முகமும் தெரியப்போவதில்லை.

நான் பார்த்தவரை வைஃபை கேமராக்களில் பல, இணைப்பு போனதும் செயலியில் "ஆஃப்லைன்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு சொல்லைக் காட்டிவிட்டு இருந்துவிடும். போனைத் திறந்து பார்த்தால்தான் அது தெரியும். இரவு இரண்டு மணிக்கு யார் பார்ப்பார்கள்? நல்ல கருவி மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். இணைப்பு போனாலும் தன்னிடமுள்ள கார்டிலோ ஹார்டு டிஸ்கிலோ பதிவைத் தொடர வேண்டும். இணைப்பு போன உடனே போனுக்குச் சத்தத்தோடு எச்சரிக்கை வர வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் சைரன், இன்டர்நெட்டை நம்பாமல் தானே அலற வேண்டும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கேமராவை ஓடவிடச் சொல்லி, ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் என்ன வருகிறது, எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று பாருங்கள். பிறகு பிளக்கைச் செருகி, இடைப்பட்ட நேரத்துப் படம் பதிவாகியிருக்கிறதா என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. செய்து காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

சுவரில் துளை போட முடிகிற வீடென்றால் கேபிள் கேமராவே வாங்குங்கள். மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும் வகை இருக்கிறது; நூறு மீட்டர் வரை இழுக்கலாம். வைஃபை ஜாமரால் கம்பிக்குள் போகும் படத்தை நிறுத்த முடியாது. கேமராக்களின் படத்தைச் சேமிக்கும் ரெக்கார்டரைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்காதீர்கள், திருடன் முதலில் கைவைக்கும் இடம் அது. பரணிலோ பூட்டிய அலமாரியிலோ காற்றோட்டம் விட்டு வையுங்கள். ரவுட்டருக்கும் ரெக்கார்டருக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று அவசியம்.

கேள்வி: பர்மா பஜாரில் 1,100 ரூபாய்க்குப் பல்பு வடிவ வைஃபை கேமரா வாங்கினேன். அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது. யாரோ ஜாம் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். பில் இல்லை. பெட்டியையும் எறிந்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், புதுவண்ணாரப்பேட்டை)

பதில்: கிடைக்காது. பில்லும் பெட்டியும் இல்லாமல் வந்து நிற்பவருக்கு நான் என்ன வழி சொல்ல முடியும்? சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிப் பதிவு பெற்ற பிறகே விற்கப்பட வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருந்ததா என்று பார்க்கக்கூட உங்களிடம் பெட்டி இல்லை. அடுத்த முறை இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாம் என்ற சந்தேகத்தையும் விடுங்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவில் இருபது வீட்டு ரவுட்டர்கள் ஒரே சேனலில் மோதிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்புகூட 2.4 கிகாஹெர்ட்ஸைக் கலைக்கும். ரவுட்டரில் 1, 6, 11 சேனல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீட்டு மாடியிலேயே சின்ன நகைப்பட்டறை வைத்திருக்கிறேன். வயர்லெஸ் அலாரம் விற்க வந்தவர், "இதை யாராலும் ஜாம் செய்ய முடியாது" என்று சத்தியம் செய்கிறார். நம்பலாமா? (பட்டறைக்காரர், சவுக்கார்பேட்டை)

பதில்: சத்தியத்தை நம்பாதீர்கள். காற்றில் போகும் எந்த சிக்னலையும் அடக்க முடியும். எவ்வளவு கடினம், அடக்கினால் கருவி அதைக் கண்டுபிடிக்கிறதா என்பதில்தான் செட்டுக்குச் செட் வேறுபாடு.

மலிவான செட்டுகளில் பல 433 மெகாஹெர்ட்ஸில், ஒருவழிப் பேச்சு மட்டும் பேசுபவை. கதவு திறந்தால் சென்சார் சொல்லும். அலாரத்தின் மையப் பெட்டியான பேனலுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று சென்சாருக்குத் தெரியாது. நானும் அப்படி ஒரு செட்டை, "முழுப் பாதுகாப்பு" என்ற வாக்குறுதியோடு வாங்கினேன். பின்கதவுச் சென்சாரின் மூடியை ஒரு நாள் திறந்தபோது, பேட்டரி கசிந்து வெள்ளைத் தூள் பூத்துக் கிடந்தது. அது செத்து எத்தனை நாளோ, பேனலில் எல்லாம் சரி என்ற பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. விற்ற கடை, பேட்டரிக்கு வாரண்டி இல்லை என்று கையை விரித்துவிட்டது. இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் அது. செத்த சென்சாரைக் கண்டுகொள்ளாத பேனல், வாயடைக்கப்பட்ட சென்சாரையும் கண்டுகொள்ளாது.

இது பெரிய கம்பெனிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பரவலாக விற்ற வீட்டு அலாரங்களின் சென்சார் சிக்னலை ஒட்டுக்கேட்கவும் அடக்கவும் முடியும் என்று லோகன் லாம்ப் என்ற ஆய்வாளர் 2014-ல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப் கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் எடுத்துச்சொன்னார்.

எனவே விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். பேனலும் சென்சாரும் இருவழியாகப் பேசிக்கொள்கின்றனவா? அலைவரிசையை மாற்றி மாற்றிப் பேசுமா? இரைச்சல் வந்தால் பேனல் "ஜாம்" என்று கத்துமா? சென்சார் பேசாமல் போனால் எவ்வளவு நேரத்தில் பேனல் சொல்லும்? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சென்சாரின் பேட்டரியை அவர் எதிரிலேயே கழற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடங்களில் சொன்னால் நல்லது. மணிக்கணக்கில் மௌனம் என்றால் தங்கம் இருக்கும் இடத்துக்கு அது உதவாது; கம்பி இழுத்த சென்சார் போடுங்கள். "ஜாம் செய்ய முடியாது" என்பதைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பட்டறைக்கு வாங்கினால் நுகர்வோர் ஆணையம் போக முடியாதோ என்ற கவலை வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழிலுக்கு வாங்குபவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

கேள்வி: சிம் போட்ட 4ஜி கேமரா அடிக்கடி நிற்கிறது. சிறை ஜாமர்தான் காரணமா? (வாசகர், புழல்)

பதில்: சிறைகளில் அனுமதி பெற்று ஜாமர் வைக்கலாம் என்பதால் உங்கள் சந்தேகம் நியாயமானது. கேமரா நிற்கும் நேரத்தில், அதே கம்பெனி சிம் போட்ட போனைக் கேமராவுக்கு அருகே பிடித்துப் பேசிப் பாருங்கள். போனும் செத்தால் சிக்னல் கோளாறு. நன்றாகப் பேசினால் கேமராவில் கோளாறு, வாரண்டியில் கொடுங்கள். சிக்னல் கோளாறு என்றால் பிராட்பேண்டும் கேபிள் கேமராவும்தான் வழி.

கேள்வி: ஜாமருக்குப் பயந்து கேபிள் கேமரா போட்டேன். எட்டு மாதத்தில் இரண்டு கேமரா படம் தரவில்லை. (மீன் வியாபாரி, காசிமேடு)

பதில்: கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். கடற்காற்றில் திறந்து கிடக்கும் இணைப்பு தாங்காது. முனைகள் எல்லாம் மழை புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டி வைக்காமல் மாட்டிய டெக்னீஷியனை இலவசமாகச் சரிசெய்யச் சொல்லுங்கள், அது அவர் வேலைக்குறை. கேபிளின் உள்கம்பியையும் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். என் வீட்டிலும் செம்பு என்று சொல்லி அதைத்தான் தலையில் கட்டினார்கள். ஒரு மழைக்காலத்தில் போயிற்று.

கேள்வி: வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார். நான் இரவுப் பணிக்குப் போகும் பெண், மகள் தனியாக இருப்பாள். என்ன வாங்கலாம்? (வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: கேமராவுக்கு முன்னால் கதவைப் பாருங்கள் அம்மா. உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதை எந்த வீட்டுக்காரரும் மறுக்கக் கூடாது. செலவு உங்களுடையது என்று சொல்லிக் கேளுங்கள். அடுத்து, கதவில் ஒட்டும் காந்த அலாரம். கதவு விலகினால் கதவிலேயே அலறும்; வைஃபையும் வேண்டாம், சிம்மும் வேண்டாம், ஜாமருக்கு அங்கே வேலையே இல்லை. இரட்டைப் பக்க டேப்பில் நிற்கும். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் பணம் இருந்தால், மெமரி கார்டு போடும் உள்வீட்டுக் கேமரா ஒன்றை அலமாரி மேல் வாசலைப் பார்த்து வையுங்கள். மகளின் போனில் "காவல் உதவி" செயலியை ஏற்றி, அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணும் அவளிடம் இருக்கட்டும்.